சின்னக் களவுக்கும் ஓர் இலக்கம் வேண்டும்

ஆகஸ்ட் மாதத் திருவிழா நெருங்கும்போது கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலக் கடற்கரையில் மணல் கண்ணுக்குத் தெரியாது. புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு நீர்கொழும்பு, சிலாபம், மன்னார், கொழும்பு என்று நாலா திசையிலிருந்தும் வரும் குடும்பங்கள் மரங்களுக்கிடையே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்கிவிடும். 1843இல் கட்டிமுடிக்கப்பட்ட ஆலயத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வழிபாடு மாறிமாறி நடக்கும். இந்த நெரிசலில் ஒரு சங்கிலி அறுபட்டாலோ, சார்ஜில் போட்ட போன் கூடாரத்திலிருந்து மறைந்தாலோ யாரும் வியப்பதில்லை. அதற்குப் பிறகு பொலிஸில் நடப்பதுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம்.

முறைப்பாடு சொல்ல வந்தவரிடம் முதலில் கேள்விகள் வரும். எங்கே வைத்தீர்கள், யார்மேலாவது சந்தேகமா, பில் இருக்கிறதா. பிறகு குரல் தணிந்து ஒரு யோசனை வரும்: “களவு என்று போட்டால் நீதிமன்றம், அலைச்சல் என்று போகும் அம்மா. தொலைந்துபோனது என்று ஒரு என்றி போட்டுவிடுவோம்.” அடையாள அட்டைக்கும் சிம் கார்டுக்கும் அந்த என்றி போதும் என்பதால் வந்தவரும் தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலோடு ஒரு குற்றம் இல்லாமல் போய்விடுகிறது. தொலைந்த பொருளுக்கு ஏது சந்தேக நபர்? தொலைந்த பொருளை யார் தேடுவது?

திருவிழா கலைந்த பிறகும் இந்தக் கதை நிற்பதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறவருக்கு வாட்டர் பம்ப்தான் உயிர். அதைக் கிணற்றடியில் விட்டுவிட்டுப் போனால் ஒரு இரவில் காணாமல் போகும். கரையில் இழுத்து வைத்த வள்ளத்தின் வலை போகும், எஞ்சின் போகும், எஞ்சின் போகாவிட்டால் மண்ணெண்ணெய்க் கான் போகும். தென்னை முக்கோணத்தின் ஒரு முனை புத்தளம் மாவட்டம். 2025இல் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, மரத்திலிருந்து பத்துக் காய் இறங்குவதுகூடச் சின்னக் களவு என்று சொல்ல முடியாத கணக்காகிவிட்டது. ஆனாலும் பொலிஸின் கணக்கில் அது சின்னதுதான்.

பொலிஸின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரம் பீடி இலை, மஞ்சள், விவசாய இரசாயனங்கள் என்று கடல் வழியாகக் கடத்தல் பொருள் இறங்கும் கரை. பெரிய வழக்குகளுக்கும், வீதி விபத்துகளுக்கும், பிரமுகர் பாதுகாப்புக்கும், திருவிழாக் கடமைக்கும் ஆள் பிரித்த பிறகு பம்ப் தேட எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? எந்தக் களவையும் விடாமல் துப்புத் துலக்கும் பொலிஸ் உலகத்தில் எங்கும் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பொலிஸ் படைகளே, வீடு உடைத்துக் களவு நடந்தால் நேரில் போய்ப் பார்ப்போம் என்று 2022இலும், நியாயமான தடயம் இருந்தால் எந்தச் சிறு குற்றத்தையும் தொடர்ந்து விசாரிப்போம் என்று 2023 ஆகஸ்டிலும் தனித்தனியே வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரை அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்த வாக்குறுதிகளே சொல்லிவிடுகின்றன.

ஆகவே எதை முதலில் எடுப்பது, எதற்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்யும் தற்றுணிபு பொறுப்பதிகாரிக்கு இருக்கட்டும். அதில் சண்டை பிடித்துப் பயனில்லை. முறைப்பாட்டை எழுதாமல் விடும் தற்றுணிபு மட்டும் அவருக்கு இல்லை. சின்னக் குற்றத்தில் சிக்கியவர் தன் பலத்தையெல்லாம் சேர்த்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. குற்றம் பற்றிய தகவலை வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம். வாயால் சொன்னால் பொலிஸ் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும், எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதன்பின்தான் கையெழுத்து. இதைவிடப் பழையது 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டம். குற்றங்களைத் தடுப்பதும் குற்றவாளிகளைக் கண்டுபிடித்துச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் ஒவ்வொரு பொலிஸ் அதிகாரியினதும் கடமை என்று அதன் 56ஆம் பிரிவு சொல்கிறது. பம்புக்கு ஒரு கடமை, பங்களாவுக்கு ஒரு கடமை என்று அங்கே பிரிக்கப்படவில்லை.

வாசித்துக் காட்டுவது என்ற அந்த ஒரு படி, தலவிலவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக முக்கியம். தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படுகிறது, வாசிக்கத் தெரியாத பக்கத்தின் அடியில் கையெழுத்து விழுகிறது. களவு என்று சொன்னது தொலைந்தது என்று மாறியிருந்தாலும் தெரியாது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்றவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமையை மேசைக்கு முன்னால் நின்று வாதிட்டு வெல்வது கடினம் என்பதை அனுபவப்பட்ட எவரும் ஒப்புக்கொள்வர். சுலபமான வழி, வீட்டிலிருந்தே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போவது. என்ன போனது, எப்போது, எங்கே, யார் பார்த்தார்கள், பொருளின் இலக்கம் என்ன. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் என்றி இலக்கமும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் அதே தாளைப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபாலகம் தரும் சிட்டையை யாரும் மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதே சிக்கலுக்கு வேறொரு பழக்கம் வந்துவிட்டது. அங்கே புகார் கொடுத்தால் முதலில் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றி, சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் ஒரு ரசீதைக் கையில் கொடுப்பார்கள். எஃப்.ஐ.ஆர். போடாமல் தப்பிக்கப் பொலிஸுக்கு அதுவே வழியாகிவிட்டது என்ற குறையும் அங்கே உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. அப்படியும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம் என்று சட்டமே படிகளை வைத்திருக்கிறது. அரைகுறைதான் என்றாலும் அங்கே புகார்தாரர் கையில் ஒரு துண்டுத் தாள் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் ஞாபகம்தான் இருக்கிறது.

என்றி கிடைத்த பிறகு என்ன? அது ஆளைப் பொறுத்தது. செய்தவர் யாரென்று தெரிந்த குற்றம் ஒரு பாதையில் போகும், தெரியாத குற்றம் வேறு பாதையில் போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மாடு வெங்காயப் பாத்தியை மிதித்தது, வேலி பிடுங்கப்பட்டது, வாய்த்தர்க்கத்தில் ஒரு அறை விழுந்தது, ஊர் நடுவே வைத்து ஏசினார்கள். இவற்றில் ஆள் தெரியும். பொலிஸ் கையை விரித்தால் முதலில் போக வேண்டியது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு. வயதானவர்கள் இதை இன்னும் இணக்கசபை என்றுதான் சொல்வார்கள். 1958இல் தொடங்கி 1978இல் ஒழிக்கப்பட்ட பழைய சபைகளின் பெயர் அது. நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட இன்றைய சபைகள் வார இறுதிகளில் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் கூடுகின்றன. மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. சிறு காயம், சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல், அவமதித்தல் போன்ற பல குற்றங்களில் இந்தச் சபையைத் தாண்டாமல் நேரே நீதிமன்றம் போக முடியாது. இணக்கம் வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ்தான் அடுத்த கதவின் திறப்பு.

அடுத்த கதவு, பலருக்குத் தெரியாத ஒன்று. பொலிஸ்தான் வழக்குப் போட வேண்டும் என்று இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவுப்படி பாதிக்கப்பட்டவரே நீதவானிடம் பிராது செய்யலாம். எழுத்தில் செய்தால் சட்டத்தரணி ஒருவர் வரைந்து ஒப்பமிட வேண்டும், வாயாலும் செய்ய இடமுண்டு. நீதவான் முறைப்பாட்டாளரைச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரித்து, முகாந்திரம் இருக்கிறது என்று கண்டால் எதிராளிக்கு அழைப்பாணை அனுப்புவார். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. சிறு வழக்குதானே என்று அதன் வாசலுக்குப் போகத் தயங்குகிறவர்களே அதிகம்.

இந்தத் தனியார் பிராது யாரென்று தெரியாத கள்ளனிடம் செல்லாது. நீதவானிடம் பெயரில்லாமல் போய் என்ன சொல்வது? அங்கே பொலிஸ் இல்லாமல் முடியாது. ஆனால் பொலிஸின் வேலையைச் சுலபமாக்கலாம். போனின் ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தைப் பெட்டியிலிருந்தோ பழைய பில்லிலிருந்தோ எடுத்துக் கொடுக்கலாம். தொலைந்த போன் பற்றி அறிவிக்கப் பொலிஸின் ஐ-நீட் இணையத்தளமும் இருக்கிறது. எஞ்சினின் தொடர் இலக்கத்தை வாங்கிய அன்றே எழுதி வைத்திருந்தால், இரண்டாம் கை விற்பனைக்கு வரும்போது பிடிக்க ஒரு பிடி கிடைக்கும். கடைகளின் சி.சி.டி.வி. பதிவுகள் சில நாளிலோ வாரத்திலோ தானாக அழிந்துவிடும். “நாளைக்கு வாங்க” என்று பொலிஸ் சொல்லும் அந்த நாளைக்குள் கடைக்காரரிடம் போய், “அண்ணன், அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் அழியாமல் வைத்துத் தாங்க” என்று கேட்டுவிடுவது நல்லது. ஆளைத் தேடி நாமே போய்ப் பையைக் கிளறுவது மட்டும் கூடாது. மரத்தில் கட்டி வைத்து அடித்து, போன் பறிகொடுத்தவரே சிறை போன கதைகள் நாட்டில் இல்லாமல் இல்லை.

பொலிஸ் எழுதாத களவு எங்கே போகிறது என்பதற்குப் புத்தளம் மாவட்டத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கொழும்பிலிருந்து தலவில வருகிறவர்கள் சிலாபத்தைக் கடந்துதான் வருவார்கள். அங்கே முன்னேஸ்வரத்தில் காளி கோவில். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர அந்தக் கோவிலுக்கும், தெற்கில் சீனிகம தேவாலயத்துக்கும், கஹட்டப்பிட்டிய முஸ்லிம் தலத்துக்கும் சூனியம், சாபம் வேண்டி வருகிறவர்களை ஆராய்ந்து 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். களவு கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், அடிபட்டவர்கள் அங்கே வந்து நின்றார்கள். கத்தி எடுத்திருக்க வேண்டிய கோபம் கோவிலில் போய் இறங்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். சீனிகமவில் கள்ளனைச் சபித்து மிளகாய் அரைப்பது இன்றும் தெரிந்த வழக்கம். காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொடவின் மனைவி சந்தியா, கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோவிலில் நீதி கேட்டுத் தேங்காய் உடைத்ததை நாடே பார்த்தது. மூன்று மதத்தவரும் மூன்று வாசலில் நின்று ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள். அரசு கேட்காத முறைப்பாடு அது.

அஞ்சனம் பார்த்துக் கள்ளனின் முகத்தை வெற்றிலையில் தேடுகிற பழக்கமும் இதே வகைதான். அதில் ஒரு ஆபத்து உண்டு. அஞ்சனத்தில் தெரிகிற முகம் பெரும்பாலும் ஏற்கெனவே பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரின் முகமாக இருந்துவிடும். அந்த முகம் வேறு மதத்தவருடையதாகவும் இருந்துவிட்டால், தமிழும் சிங்களமும், கத்தோலிக்கமும் இஸ்லாமும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறிய குடும்பங்களும் ஒட்டி வாழும் இந்த மாவட்டத்தில், ஒரு வாட்டர் பம்ப் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது.

சின்னக் குற்றத்தைப் பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2018 டிசம்பர் இறுதியில் மாவனல்லைப் பக்கம் சில புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. சொத்துச் சேத வழக்கு என்று மூடியிருக்கலாம். மூடவில்லை. அப்பகுதி முஸ்லிம்களும் துப்புக் கொடுக்க உதவினார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற இடம் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லு. 2019 ஜனவரி 16ஆம் திகதி அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் பெருமளவு வெடிபொருள் கிடைத்தது. அதற்குப் பிறகு மேலிடத்தில் இருந்தவர்கள் கிடைத்த எச்சரிக்கைகளை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததும், ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்ததும் தெரிந்த கதை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மட்டும் 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. செய்யத் தவறியதும் அடிப்படை உரிமை மீறலாகும் என்பது அந்தத் தீர்ப்பின் அடி. பொலிஸ் கண்ணெதிரே நடந்ததைத் தடுக்காமல் நின்றாலும் அரசு பொறுப்பு என்று அதே நீதிமன்றம் 1990களிலேயே, அரச அதிகாரி ஒருவர் பொலிஸ் நிலையத்தில் வைத்து அரசியல்வாதிகளால் தாக்கப்பட்ட வழக்கில் சொல்லியிருந்தது.

பம்புக்காக உயர் நீதிமன்றம் போகச் சொல்லவில்லை. போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: 126ஆம் உறுப்புரைப்படி அவகாசம் ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொழும்பில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் இருக்கிறது. பொலிஸாருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிக்க அரசியலமைப்பே உண்டாக்கிய அமைப்பு அது. திருத்தங்கள் வர வர அதன் பலம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. எழுத மறுத்த அதிகாரியைப் பற்றி முதலில் அவருக்கு மேலிருக்கும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ, புத்தளம் பிரிவின் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கோ எழுதிவிட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியோடு ஆணைக்குழுவுக்குப் போவதுதான் கைகொடுக்கும். பெரும்பாலும் அத்தியட்சகர் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தாலே என்றி போடப்பட்டுவிடும். இப்படி ஒரு அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பது அவமானம்தான். அதற்காக அந்த வழியை விட்டுவிடவும் முடியாது.

இதையெல்லாம் விடச் செலவு குறைந்த, இன்னும் அதிகம் பாவிக்கப்படாத கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒரு கடிதம் போதும், தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருக்கும் விசாரணையின் உள்விவரத்தைத் தர மறுக்க இடமுண்டு. என் முறைப்பாடு எந்த இலக்கத்தில், எந்தப் பிரிவில், எந்த நிலையில் இருக்கிறது, மூடியிருந்தால் என்ன காரணத்தால் என்று கேட்பதை மறுப்பது அவ்வளவு சுலபமல்ல. பாதிக்கப்பட்டவருக்கு விசாரணையின் முன்னேற்றத்தை அறியும் உரிமை இருக்கிறது என்று 2015இல் வந்த சாட்சிகள் பாதுகாப்புச் சட்டமே சொல்லிவிட்டது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்துவிட்டது.

ஒருவர் தனியாகக் கேட்டால் ஒரு பம்பின் கதைதான் தெரியவரும். கற்பிட்டிக் குடாநாட்டின் மீனவர் சங்கமோ, விவசாயிகள் அமைப்போ, பங்குச் சபையோ, பள்ளிவாசல் நிர்வாகமோ சேர்ந்து இன்னொரு கேள்வி கேட்கலாம். சென்ற ஆண்டு இந்த நிலையத்தில் பம்பும் எஞ்சினும் வலையும் போனும் காணாமல் போனதாக எத்தனை என்றிகள் விழுந்தன, அவற்றில் எத்தனை களவு என்றும் எத்தனை தொலைந்தது என்றும் எழுதப்பட்டன, எத்தனை நீதிமன்றம் போயின, திருவிழாக் காலத்தில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய அதிகாரிகள் எத்தனை பேர் கடமையில் இருந்தார்கள். விசாரணை எதற்கும் குந்தகம் விளைவிக்காத வெறும் எண்கள் இவை. கடிதத்தை இந்த மாதமே பதிவுத் தபாலில் போடலாம்.